ஓட்டமானியின் திரையும் பொத்தான்களும்

குழாயினுள் ஓடுகின்ற நீரை நாம் கண்ணால் காண்பதில்லை. நீராயினும், அமிலமாயினும், பாலாயினும், காகித ஆலையின் கூழாயினும், எஃகுக் குழாயினுள் புகுந்தபின் அது விரைந்து செல்கின்றதா, மெல்லச் செல்கின்றதா, நின்றுவிட்டதா, பின்னோக்கித் திரும்பிவிட்டதா என்பதை வெளியே நிற்பவர் அறிய இயலாது. குழாயின்மேல் உள்ளங்கையை வைத்தும், திருப்புளியின் ஒரு முனையைக் குழாயிலும் மறுமுனையைக் காதிலும் வைத்துக் கேட்டும் ஓட்டத்தை உணரவல்ல பழந்தொழிலாளர்கள் உண்டு. அவர்தம் திறமையை நாம் குறைத்துக் கூற வரவில்லை. எனினும், மணிக்கு 120 கன மீட்டரா அன்றி 100 கன மீட்டரா என்பதைக் கையும் காதும் சொல்லமாட்டா. அதைச் சொல்வதற்கென்றே குழாயில் பொருத்தப்பட்டிருக்கும் கருவிதான் ஃப்ளோ டிரான்ஸ்மிட்டர்.

பிலாயிலும் பொகாரோவிலும் ஜாம்நகரிலும் தஹேஜிலும் தாராபூரிலும் வாழ்கின்ற தமிழன்பர்களுள் பலர் நாள்தோறும் இக்கருவியின் முன் நிற்கின்றவர்கள். அவர்களுள் கருவிப் பிரிவில் பயிற்சி பெற்றவர் சிலரே. பம்பு இயக்குபவர், பாய்லர் பார்ப்பவர், ஷிப்டுக்கு ஒருமுறை எண்ணைக் குறித்துச் செல்லும் ஒப்பந்தத் தொழிலாளர் ஆகியோரே மிகுதி. கருவியோடு வரும் கையேடு ஆங்கிலத்தில் இருக்கின்றது; வேலையை ஏவுகின்ற மேற்பார்வையாளர் ஹிந்தியிலோ குஜராத்தியிலோ பேசுகின்றார்; கேட்பவருடைய மனமோ தமிழில் எண்ணுகின்றது. இம்மூன்றுக்கும் இடையே ஒரு சொல் தவறினாலும் நேரும் விளைவு சிறிதன்று. நாம் பொறியியல் பயின்றவரல்லோம்; கலைப் பட்டம் பெற்று மத்திய அரசின் மொழிபெயர்ப்புப் பணியில் இருப்பவர். ஆயினும் இத்தகைய கையேடுகளும் பாதுகாப்பு அறிவிப்புகளும் நம் மேசைக்கு வருவதுண்டு. அவற்றிலுள்ள சொற்களைத் தமிழாக்கும் முன்னர், அச்சொற்கள் எப்பொருளைக் குறிக்கின்றன என்பதைத் தெரிந்தவரிடம் கேட்டறிவது நம் வழக்கம். அவ்வாறு அறிந்தவற்றையே இங்கே எடுத்துரைக்கின்றோம்.

டிரான்ஸ்மிட்டர் என்னும் சொல் வானொலி நேயர்களுக்குப் புதியதன்று. வானொலி நிலையத்தில் ஒலியை அலையாக்கி வெளியே அனுப்பும் பொறிக்கும் அதே பெயர்தான். ஆலையிலுள்ள இச்சிறு கருவி அலையைப் பரப்புவதில்லை. பெரும்பாலும் இரண்டு கம்பிகளின் வழியே தன் செய்தியைக் கட்டுப்பாட்டு அறைக்கு அனுப்புகின்றது. அனுப்புவது என்பதே இரண்டுக்கும் பொது. இக்கருத்தை நேயர்கள் முதலில் மனத்திற் கொள்ளவேண்டும். குழாயருகே உள்ள திரை நமக்கு மட்டும் பேசுவதன்று. நாம் அதன் பொத்தானை அழுத்தும் அதே வேளையில், அதன் செய்தியை வேறோரிடத்தில் ஒருவர் கேட்டுக்கொண்டிருக்கின்றார். அதை நம்பி ஒரு வால்வு திறக்கின்றது அல்லது மூடுகின்றது. பொத்தானை அழுத்துவதனால் குழாயிலுள்ள நீர் ஒரு துளியும் கூடுவதில்லை, குறைவதில்லை. நீரைப்பற்றிக் கருவி கூறும் கூற்று மாத்திரமே மாறுகின்றது.

ஃப்ளோ டிரான்ஸ்மிட்டர்களில் வகை பல. அவற்றுள் நீர், அமிலம், கழிவுநீர், கூழ் முதலியவற்றுக்குப் பெரிதும் பயன்படும் மின்காந்த வகையையே இங்கு விரிவாகக் காண்போம். தொழிற்சாலைகளில் இதனை மேக்மீட்டர் என்று சுருக்கி அழைப்பர்.

இதன் அடிப்படைத் தத்துவம் பழமையானது. காந்தப் புலத்தின் குறுக்கே மின்கடத்தி ஒன்று நகர்ந்தால் அதில் மின்னழுத்தம் தோன்றும் என்பதை மைக்கேல் ஃபாரடே 1831இல் கண்டறிந்தார். மறு ஆண்டு அவர் லண்டன் வாட்டர்லூ பாலத்தின் நெடுகக் கம்பியிட்டு, அதன் இருமுனைத் தகடுகளையும் தேம்ஸ் நதியில் அமிழ்த்தி வைத்தார். நதிநீரே கடத்தியாகப் பூமியின் காந்தப் புலத்தைக் கடந்து செல்வதனால் மின்னழுத்தம் தோன்றவேண்டும் என்பது அவர் எண்ணம். எண்ணம் சரியே, ஆனால் அன்றைய கருவிகளைக்கொண்டு அதை ஐயமின்றி அளக்க அவரால் இயலவில்லை. அவர் நதியில் தேடியதை இன்று நாம் ஒரு சாண் குழாயில் பெறுகின்றோம். குழாயின் புறத்தே கம்பிச் சுருள்கள் காந்தப் புலத்தை உண்டாக்குகின்றன. உட்புறத்தில் ரப்பர் அல்லது டெஃப்லான் பூச்சு உண்டு. பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு சிறு மின்முனைகள் திரவத்தைத் தொட்டுக்கொண்டிருக்கின்றன. திரவம் எவ்வளவு விரைவாக ஓடுகின்றதோ அவ்வளவுக்கு மின்முனைகளிடையே அழுத்தம் மிகும். அது மில்லிவோல்ட் கணக்கிலான மிகச் சிறிய அழுத்தமே.

இதிலிருந்து இரண்டு செய்திகள் பெறப்படுகின்றன. முதலாவது, திரவம் மின்சாரத்தைக் கடத்தவேண்டும். சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 5 மைக்ரோசீமன்ஸ் அளவு கடத்துதிறன் இருந்தால்தான் இவ்வகைக் கருவிகளிற் பெரும்பாலானவை வேலை செய்யும். ஆகவே பெட்ரோலுக்கும் டீசலுக்கும் சமையல் எண்ணெய்க்கும் இது உதவாது. பாய்லருக்கு விடும் டி.எம். வாட்டர் மிகத் தூயதாக இருப்பின் அதற்கும் உதவாது. இரண்டாவது, கருவி அறிவது வேகத்தை மட்டுமே. குழாய் முழுவதும் நிறைந்திருக்கின்றது என்று வைத்துக்கொண்டு, வேகத்தைக் குழாயின் பரப்பால் பெருக்கிக் கன அளவாகக் காட்டுகின்றது. 150 மில்லிமீட்டர்க் குழாயில் நீர் விநாடிக்கு 2 மீட்டருக்குச் சற்றுக் குறைவான வேகத்தில் ஓடினால், மணிக்கு 120 கன மீட்டர் என்று திரை சொல்லும். குழாய் பாதியே நிறைந்திருந்தால் அதற்கு அது தெரியாது. பொய்யான எண்ணைத் தயங்காது காட்டும். இதனைத் தடுக்கவே எம்ப்டி பைப் என்னும் காவல் ஏற்பாடு பல கருவிகளில் இருக்கின்றது. குழாய் காலியாகி மின்முனை நனையாதபோது அது திரையில் எச்சரிக்கும். எச்சரிக்கை அடிக்கடி வருகின்றதே என்று அதை மெனுவில் நிறுத்திவைக்கும் வழக்கம் சில இடங்களில் உண்டு. நாய் குரைக்கின்றது என்று அதன் வாயைக் கட்டிவிட்டு உறங்குவதற்கு அது ஒப்பாகும்.

இனி, கம்பியின் வழியே செல்லும் செய்தி. இது 4 மில்லியாம்பியர் முதல் 20 மில்லியாம்பியர் வரையிலான மின்னோட்டம். கருவியின் எல்லை 0 முதல் 200 கன மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். ஓட்டமே இல்லையெனில் 4; பாதியாகிய 100 ஓடினால் 12; முழு எல்லையாகிய 200 ஓடினால் 20. நம் 120க்கு 13.6. சுழியத்திலிருந்து தொடங்காமல் நான்கிலிருந்து தொடங்குவது ஏன் என்று நேயர்கள் கேட்கக்கூடும். நீர் நின்றுபோனால் 4 வரும். கம்பி அறுந்தாலோ ஒன்றுமே வராது. நீர் இல்லை என்பதையும் செய்தியே இல்லை என்பதையும் இவ்வாறு பிரித்தறிய முடிகின்றது. கருவி தன்னுள் கோளாறு கண்டால் 3.6க்குக் கீழேயோ 21க்கு மேலேயோ மின்னோட்டத்தைக் கொண்டுபோய் நிறுத்துவது இன்று பரவலாகக் கைக்கொள்ளப்படும் மரபு. கீழேயா மேலேயா என்பதை மெனுவில் தேர்ந்தெடுக்கலாம். இது அற்ப விஷயம்போல் தோன்றும். உலையின் குளிர்நீர் குறைந்தால் உலையை நிறுத்தவேண்டிய இடத்தில், கோளாறுற்ற கருவி மேலே போய் நின்றால் என்னாகும்? அதைக் கோளாறு என்று அறியுமாறு கட்டுப்பாட்டு அறைக் கணினி அமைக்கப்படவில்லையாயின், குளிர்நீர் நிரம்ப ஓடுவதாகவே அங்குள்ளவர் கருதுவர். ஆதலின் இதனைத் தேர்ந்தெடுக்கும் உரிமை ஆலையை வடிவமைத்தவருக்கு உரியது; திரையின்முன் நிற்பவருக்கு அன்று.

திரைக்கு வருவோம். கருவிக்குக் கருவி தோற்றம் மாறினாலும், சாதாரணமாகக் காணப்படுவன சிலவே. பெரிய எழுத்தில் தோன்றுவது அந்த நொடியின் ஓட்டம். அதன் அருகே அலகு இருக்கும். எண்ணைப் படிப்பவர் பலர் அலகைப் படிப்பதில்லை. மணிக்குக் கன மீட்டர் என்பதும் விநாடிக்கு லிட்டர் என்பதும் மிகவும் வேறானவை. விநாடிக்கு 1 லிட்டர் என்பது மணிக்கு 3.6 கன மீட்டராகும். ஒரே ஆலையில் ஒரு பம்பில் ஒன்றும் மற்றொரு பம்பில் மற்றொன்றுமாக இருப்பதுண்டு. எண்ணின்முன் கழித்தல் குறி நின்றால், நீர் திரும்பி ஓடுகின்றது என்றோ, கருவி அம்புக்குறிக்கு மாறாகப் பொருத்தப்பட்டிருக்கின்றது என்றோ பொருள்.

கீழ்வரியில் நீண்ட எண் ஒன்று ஊர்ந்து ஏறிக்கொண்டிருக்கும். அதுவே டோட்டலைசர், இதுவரை ஓடியதன் கூட்டுத்தொகை. மேல்வரி ஆட்டோ ரிக்ஷாவின் வேகமுள் என்றால், கீழ்வரி அது ஓடிய கிலோமீட்டர் கணக்கு. கருவியைச் சோதிக்க இவ்விரண்டும் ஒன்றுக்கொன்று துணையாகின்றன. ஷிப்டின் தொடக்கத்தில் ஒருமுறையும் முடிவில் ஒருமுறையும் கூட்டுத்தொகையைக் குறித்துக் கழித்துப் பாருங்கள். எட்டு மணி நேரமும் 120 என்று காட்டியிருந்தால் வித்தியாசம் 960க்கு அருகே வரவேண்டும். 700தான் வருகின்றது எனில், நாம் பார்க்காத வேளையில் ஓட்டம் குறைந்திருக்கின்றது. காகிதமும் பேனாவும் மட்டுமே வேண்டும் இச்சோதனைக்கு எவரிடமும் அனுமதி பெறவேண்டியதில்லை. ஆனால் கூட்டுத்தொகையைச் சுழியமாக்கும் ரீசெட் அவ்வாறன்று. நீருக்கு விலை கட்டும் இடத்திலும், கழிவுநீர்க் கணக்கை அரசுக்குக் காட்டவேண்டிய இடத்திலும் அந்த எண் ஒரு சாட்சி. அதனை அழிப்பது பேரேட்டின் பக்கத்தைக் கிழிப்பது போலாகும்.

திரையின் ஓரத்தில் சில வேளை ஆங்கில எழுத்து ஒன்று தனித்து மின்னும். புதிய கருவிகள் பலவற்றில் நான்கு எழுத்துகள் வழக்கில் உள்ளன. எஃப் என்பது கோளாறு. காட்டும் எண்ணை நம்பலாகாது. எஸ் என்பது கருவி தனக்கு விதித்த எல்லைக்கு வெளியே இயங்குகின்றது என்பது. எம் என்பது பராமரிப்பு வேண்டும், ஆனால் எண் இன்னும் செல்லும் என்பது. நான்காவதாகிய சி என்பதே கூர்ந்து கவனிக்கத்தக்கது. யாரோ கருவியைச் சோதனை நிலையில் வைத்திருக்கிறார்கள் என்று அது தெரிவிக்கின்றது. சோதனைக்காகக் கருவி ஒரு கற்பனை ஓட்டத்தை அனுப்பும் வசதி உண்டு, சிமுலேஷன் என்பர். நீர் ஒரு துளியும் இல்லாதபோது 100 ஓடுகின்றது என்று கட்டுப்பாட்டு அறைக்குச் சொல்ல வைக்கலாம். கம்பியும் கணினியும் சரியாக உள்ளனவா என்று பார்க்க இது பயன்படும். சோதனை முடிந்து அதனை நீக்க மறந்து சென்றால், அந்த 100 அசையாது நின்றுகொண்டிருக்கும். உயிருள்ள ஓட்டம் கடைசி இலக்கத்திலாவது சிறிது ஆடும். அணுவளவும் ஆடாத எண்ணைக் கண்டால் மகிழாதீர்கள். சி எழுத்தைத் தேடுங்கள்.

பொத்தான்கள் பெரும்பாலும் மூன்று அல்லது நான்கு. கூட்டல், கழித்தல், என்டர் என்பன இயல்பானவை. என்டரை அழுத்தினால் மெனு திறக்கும். கூட்டலும் கழித்தலும் மேலும் கீழும் நகர்த்தும். மீண்டும் என்டரை அழுத்தினால் தேர்ந்தெடுத்தது பதிவாகும். பின்வாங்குவதற்கு எஸ்கேப் என்னும் பொத்தானோ, இரு பொத்தான்களைச் சேர்த்து அழுத்தும் முறையோ இருக்கும். எந்தப் புதிய கருவியிலும் முதலில் கற்கவேண்டியது இந்தப் பின்வாங்கும் வழியைத்தான். உள்ளே போகும் வழியை எல்லோரும் கற்றுவிடுகின்றனர். ஒன்றையும் மாற்றாமல் வெளியே வரும் வழியைக் கற்பவர் குறைவு.

சில கருவிகளில் பொத்தானே இராது. கண்ணாடியின்மேல் விரலை வைத்தால் போதும். விரலினின்று திரும்பும் ஒளியை உள்ளேயுள்ள உணரி அறிந்துகொள்ளும். இது அழகுக்காகச் செய்யப்பட்டதன்று. எரியும் ஆவி உலவக்கூடிய இடத்தில் கருவியின் மூடியைத் திறப்பது ஆபத்து; உள்ளே எழும் ஒரு சிறு பொறியும் வெளியிலுள்ள ஆவியைப் பற்றவைக்கக்கூடும். ஆகவே மூடியைத் திறவாமலே இயக்க வழி செய்திருக்கின்றனர். பொத்தான் மூடிக்குள் இருக்கும் பழைய கருவியாயின், அத்தகைய இடத்தில் மின்சாரம் ஓடும்போது மூடியைக் கழற்றலாகாது. பெர்மிட் இன்றி எந்தச் சூழலிலும் கழற்றலாகாது. ஒளிப்பொத்தான் சரியாக வேலை செய்யவில்லையெனில் கண்ணாடியின் அழுக்கை ஈரத்துணியால் துடைத்துப் பார்ப்பதே முதல் மருந்து.

எதையேனும் மாற்றவேண்டும் என்ற நிலை வந்தபோது, பொத்தானைத் தொடுவதற்கு முன்னர் தொலைபேசியைத் தொடவேண்டும். கட்டுப்பாட்டு அறையினர் அந்த ஓட்டத்தைத் தானே சரிசெய்யும் ஏற்பாட்டை நிறுத்தி, வால்வைக் கைவசப்படுத்திக்கொள்வர். இதையே லூப்பை மேன்யுவலில் வைப்பது என்பர். அவ்வாறு செய்யாமல் நாம் ஒரு எண்ணை மாற்றினால், நீர் திடீரெனக் குறைந்ததாகக் கணினி எண்ணி வால்வை அகலத் திறந்துவிடும். அந்த ஓட்டத்தோடு இன்டர்லாக் பிணைந்திருந்தால் ஒரு பகுதி ஆலையே நின்றுவிடும். இன்டர்லாக்கைத் தற்காலிகமாக விலக்கவேண்டுமாயின் அது எழுத்துமூல அனுமதியோடு நடக்கவேண்டிய காரியம். வாய்ச்சொல் போதாது, அதிலும், முழுதும் விளங்காத மொழியில் கேட்ட வாய்ச்சொல் போதவே போதாது.

அடிக்கடி மாற்றப்படும் அமைப்புகளுள் டாம்பிங் ஒன்று. தமிழில் தணிப்பு எனலாம். ஓட்டம் நடுங்கும்போது எண்ணும் நடுங்கும், படிப்பவர் சலிப்புறுவர். தணிப்பைக் கூட்டினால் எண் அமைதியாகிவிடும். ஆனால் அந்த அமைதிக்கு விலை உண்டு. தணிப்பு 30 விநாடி என வைத்திருக்கையில் பம்பு திடீரென நின்றது என்று கொள்வோம். நீர் நின்று 30 விநாடி கழிந்த பின்னும் திரை ஏறத்தாழ 44 கன மீட்டர் என்று காட்டிக்கொண்டிருக்கும். 90 விநாடிக்குப் பின்னரே 6க்கு இறங்கும். 3 விநாடித் தணிப்பாயின் இவையெல்லாம் 9 விநாடிக்குள் முடிந்துவிடும். எண் ஆடுகின்றதே என்று தணிப்பைக் கூட்டுவதற்கு முன், அது ஏன் ஆடுகின்றது என்று பார்ப்பது நன்று. நீரில் காற்றுக் குமிழ் கலந்திருக்கலாம். பம்பின் உறிஞ்சுகுழாயில் அடைப்பு இருக்கலாம். கருவிக்கு முன்னே மிக அருகில் வளைவோ வால்வோ இருக்கலாம். கருவியின் முன்னே குழாயின் விட்டத்தைப்போல் ஐந்து மடங்கேனும் நேரான குழாய் இருக்கவேண்டும் என்று கையேடுகள் பலவும் கூறுவது இதற்காகவே.

லோ ஃப்ளோ கட்-ஆஃப் என்பது மற்றொன்று. குறித்த அளவுக்குக் கீழ்ப்பட்ட ஓட்டத்தைச் சுழியமாகவே கொள்ளச் சொல்லும் கட்டளை இது. நின்ற நீரின் சிறு அசைவுகளைக் கூட்டுத்தொகையில் சேராமல் தடுக்க இது வேண்டியதே. ஆனால் 4 கன மீட்டர் என்று அதனை வைத்த இடத்தில், இரவெல்லாம் 3 கன மீட்டர் கசிந்தாலும் திரை 0 என்றே கூறும். நாளொன்றுக்கு 72 கன மீட்டர், அதாவது 72,000 லிட்டர், எந்தக் கணக்கிலும் ஏறாமல் போய்விடும்.

எல்லாவற்றினும் மிகுந்த எச்சரிக்கையோடு அணுகவேண்டியது ஸீரோ, அதாவது சுழியத்தைத் திருத்துவது. இதுதான் ஓட்டமில்லாத நிலை என்று கருவிக்கு நாம் சத்தியம் செய்துகொடுக்கும் செயல் அது. அதற்குக் குழாய் நிறைந்திருக்கவேண்டும். நீர் அசையாது நிற்கவேண்டும். வால்வை மூடிவிட்டோம் என்பதனாலேயே நீர் நின்றுவிட்டது என்று சொல்ல முடியாது. தேய்ந்த வால்வு மூடியபின்னும் சிறிது விடும். வால்வு பாஸ் ஆகின்றது என்று தொழிலாளர் கூறுவது இதனைத்தான். 2 கன மீட்டர் கசியும் வேளையில் ஸீரோவை அழுத்தினால், அந்த இரண்டையே கருவி சுழியமாக ஏற்றுக்கொள்ளும். அன்று முதல் 120 ஓடும்போது 118 என்று காட்டும். நீர் உண்மையாகவே நின்ற நாளில் கழித்தல் 2 என்று காட்டித் தன் பிழையை வெளிப்படுத்தியிருக்கும். ஆனால் கட்-ஆஃப் 4 என்று இருப்பதனால் அதையும் மறைத்து 0 என்று காட்டிவிடும். ஒரு பிழை மற்றொரு பிழைக்குத் திரையிட்டு நிற்க, பல மாதங்கள் கழிந்துவிடும்.

அழுத்த வித்தியாசத்தைக்கொண்டு ஓட்டத்தை அறியும் மற்றொரு வகைக் கருவியையும் இவ்விடத்தில் சிறிது சொல்லவேண்டும். நீராவிக்கும் எரிவாயுவுக்கும் அதுவே பெருவழக்கு. குழாயின் குறுக்கே துளையிட்ட தகடு ஒன்றை வைத்து, அதன் இருபுறத்து அழுத்தங்களின் வித்தியாசத்தை அளப்பர். ஓட்டம் பாதியானால் வித்தியாசம் காலாகிவிடும். ஆதலின் வர்க்கமூலம் கண்டுதான் ஓட்டத்தைச் சொல்ல இயலும். இந்தக் கணக்கைக் கருவியும் செய்யலாம், கட்டுப்பாட்டு அறைக் கணினியும் செய்யலாம், இருவரும் செய்யலாகாது. 50 விழுக்காடு ஓடும்போது இருவரும் செய்தால் அறையில் 70.7 விழுக்காடு என்று தோன்றும். புதுக் கருவியை மாற்றிப் பொருத்திய அன்று திடீரென உற்பத்தி பெருகியதாகத் தோன்றினால், முதலில் ஐயுறவேண்டிய இடம் இதுவே.

கருவிகள் தம்முள் முரண்படுவதை ஒப்பிட்டுப் பார்க்காததனால் நேர்ந்த கேடு வரலாற்றில் பதிவாகியிருக்கின்றது. அமெரிக்காவில் டெக்ஸஸ் சிட்டி எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையில் 2005 மார்ச் 23 அன்று ஒரு கோபுரத்தைத் தொடக்கி வைக்கும்போது, உள்ளே திரவம் ஏறிக்கொண்டேயிருந்தது. மட்டத்தைக் காட்டும் டிரான்ஸ்மிட்டரோ அது இறங்குவதாகக் காட்டியது. உள்ளே செல்லும் ஓட்டத்தையும் வெளியேறும் ஓட்டத்தையும் அருகருகே வைத்துப் பார்த்திருந்தால், போவது வரவுக்கு ஈடாகவில்லை என்பது விளங்கியிருக்கும். ஆனால் அவ்விரண்டும் கட்டுப்பாட்டு அறையில் வெவ்வேறு திரைகளில் இருந்தன. கோபுரம் நிரம்பி வழிந்து, ஆவி பற்றி வெடித்தது. 15 பேர் மாண்டனர். 180 பேர் காயமுற்றனர். அவ்விபத்துக்குக் காரணங்கள் பல. ஒரு கருவியின் தலையில் எல்லாப் பழியையும் சுமத்துவது நியாயமாகாது. எனினும் வரவையும் செலவையும் ஒரே தாளில் எழுதிப் பார்க்கும் பழக்கம், மளிகைக் கடைக்கு மட்டுமின்றி ஆலைக்கும் உரியது என்பது தெளிவு.

இனி, வெளிமாநிலத்தில் பணிபுரியும் நம்மவர்க்கே உரியதோர் இடர்ப்பாடு. ஹிந்தியில் கல் என்னும் ஒரே சொல் நேற்றையும் குறிக்கும், நாளையையும் குறிக்கும். வினைச்சொல்லைக் கேட்டே பொருளை அறியவேண்டும். ஷிப்டு மாறுகின்ற இரைச்சலில், கல், ஸீரோ என்னும் இரு சொற்கள் மட்டும் காதில் விழுந்தால், ஸீரோ நேற்றே செய்தாகிவிட்டதா, நாளை செய்யவேண்டுமா? அவ்வாறே, மீட்டர் பந்த் ஹை என்றால் கருவி பழுதாகி நின்றது எனவும் கொள்ளலாம். ஓட்டம் நின்று கருவி சுழியம் காட்டுகின்றது எனவும் கொள்ளலாம். இவ்விரண்டில் முதலாவதாயின் கருவிப் பிரிவுக்குச் சொல்லவேண்டும். இரண்டாவதாயின் பம்புக்கு ஓடவேண்டும். மொழி நன்கு வராதே என்னும் கூச்சத்தினால் மறுமுறை கேளாமல் தலையாட்டிவிடுவது நம்மவரிடம் உள்ள ஒரு வழக்கம். தேதி என்ன, எண் எத்தனை என்று இரண்டே வினாக்களைக் கேட்டுவிட்டால் கல்லும் பந்தும் தாமே தெளிவாகிவிடும். எண்களுக்கு மொழிபெயர்ப்பு வேண்டுவதில்லை.

ஆகவே லாக் புத்தகத்தில் எழுதும்போது நேற்று, நாளை என்று எழுதாமல் தேதியையும் மணியையும் எழுதவேண்டும். கருவியின் டேக் எண், மாற்றிய அமைப்பின் பெயர், பழைய மதிப்பு, புதிய மதிப்பு, செய்யச் சொன்னவர், செய்தவர் ஆகியவை அதனோடு இருக்கவேண்டும். பழைய மதிப்பை எழுதாமல் புதியதை மட்டும் எழுதுவோர் பலர். தவறென்று தெரிந்தபின் திரும்பிச் செல்ல அவர்களுக்கு வழியே இல்லை. ஆங்கில எழுத்து வராதவர், திரையிலுள்ள எழுத்துகளை ஓவியம்போல் பார்த்து எழுதினாலும் போதும்.

எழுதி முடித்தபின் மீண்டும் ஒருமுறை தொலைபேசியில் கட்டுப்பாட்டு அறையை அழைத்து, அங்கே என்ன எண் தெரிகின்றது என்று கேட்கவேண்டும். இங்கே 120, அங்கேயும் 120 எனில் நன்று. இங்கே 120 இருக்க அங்கே 90 என்று சொன்னால் நீரையும் கம்பியையும் ஐயுறவேண்டா. 13.6 மில்லியாம்பியர் என்பது எல்லையில் 60 விழுக்காடு. கருவியின் எல்லை 200 என்றும் அறைக் கணினியின் எல்லை 150 என்றும் இருந்தால், ஒரே செய்தி இங்கே 120 ஆகவும் அங்கே 90 ஆகவும் படிக்கப்படும். எந்த எல்லை சரியானது என்பதைக் கருவிப் பிரிவினர் வடிவமைப்புத் தாளைப் பார்த்து முடிவு செய்வர். அதுவரை லூப் மேன்யுவலிலேயே இருக்கட்டும். பொத்தான்களைப் பூட்டும் வசதியிருப்பின் பூட்டிவிட்டு, இரண்டு எண்களையும் புத்தகத்தில் குறித்து, அடுத்த ஷிப்டில் வருபவரிடம் அந்த வரியைக் காட்டிவிட்டுச் செல்லுங்கள்.